தொண்டைக்கு முட்டுக்கொடுக்கும் காற்று

1980 ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஒரு கட்டுமானத் தொழிலாளி மருத்துவர் காலின் சல்லிவனிடம் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. படுத்த மாத்திரத்தில் தூங்கிவிடுவார். தூங்கிய சிறிது நேரத்தில் மூச்சு நின்றுபோகும். திணறி, உலுக்கி எழுந்து, ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி தூங்குவார். மறுபடி மூச்சு நிற்கும். விடியும்வரை இதே கதை. பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். அன்றைக்கு இந்த நோய்க்கு உறுதியாகப் பலன் தரும் சிகிச்சை ஒன்றுதான் இருந்தது: கழுத்தின் முன்பக்கம் துளையிட்டு, மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செருகிவிடுவது. பகலில் அதை மூடிக்கொண்டு பேசலாம், இரவில் திறந்துவைத்துத் தூங்கலாம். அந்தத் துளை தனக்கு வேண்டாம் என்று தொழிலாளி சொல்லிவிட்டார்.

சல்லிவன் அதற்கு முன் கனடாவின் டொராண்டோ நகரில் எலியட் பிலிப்சன் என்ற ஆய்வாளரோடு, தூங்கும் நாய்களின் சுவாசத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர். நாயின் மூக்கில் பொருந்தும் முகமூடிகளைச் செய்து பழகிய கை. அதே யோசனையை மனிதருக்குத் திருப்பினார். மூக்கின் வழியாகக் காற்றைச் சற்றே அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினால், அடைத்துக்கொள்ளும் தொண்டை திறந்தே இருக்காதா?

அந்தத் தொழிலாளியிடம் இதைச் சோதித்த இரவில், அழுத்தத்தைக் கூட்டியதும் மூச்சுத்தடை நின்றது. குறைத்தார்கள், தடை திரும்பி வந்தது. மறுபடி கூட்டினார்கள், மறுபடி நின்றது. விளக்கைத் தட்டினால் எரிகிறது, தட்டினால் அணைகிறது என்கிற மாதிரி அவ்வளவு துல்லியமாக இருந்ததால், அப்படியே தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அவர் சுமார் ஏழு மணி நேரம் அசையாமல் தூங்கினார். எழுந்தபோது தெளிவாக இருந்தார். பல வருடங்களில் அதுதான் அவருக்கு முதல் முழுத் தூக்கம்.

1981 ஏப்ரலில் லான்செட் இதழில் ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஐந்து பேருக்கும் பலித்திருந்தது. தேவைப்பட்ட அழுத்தம் 4.5 முதல் 10 சென்டிமீட்டர் நீர்த்தம்ப அளவு. நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தில் அது அதிகபட்சம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். அவ்வளவு சன்னமான ஒரு தள்ளல், கழுத்தில் போடவேண்டிய துளையைத் தேவையற்றதாக்கியது. சிபாப் என்று இன்று உலகம் முழுக்க மருத்துவர்களும் நோயாளிகளும் சொல்லும் இயந்திரத்தின் பிறப்பு இதுதான்.

ஆனால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. தூங்கினால் ஏன் மூச்சு அடைக்கவேண்டும்?

மூக்கின் உட்பகுதியைச் சுற்றி எலும்பு இருக்கிறது. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயைக் குருத்தெலும்பு வளையங்கள் தாங்கி நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில், மேலண்ணத்தின் பின்முனை தொடங்கிக் குரல்வளை வரைக்கும், காற்று போகும் வழியைத் திறந்து பிடிக்க எலும்பே கிடையாது. வெறும் தசை, சவ்வு, கொழுப்பு. அங்கே இருக்கும் ஒரே எலும்பான நாவடி எலும்புகூட, உடம்பின் வேறெந்த எலும்போடும் மூட்டாக இணையாமல் தசைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. காரணம் இருக்கிறது. இந்த ஒரு சிறு பகுதிதான் சோற்றை விழுங்குகிறது, பேச்சொலிகளை வடிக்கிறது, மூச்சையும் கடத்துகிறது. விழுங்குவதற்கு அது சுருங்கவேண்டும். பேசுவதற்கு நொடிக்குநொடி வடிவம் மாறவேண்டும். விறைப்பான குழாயாக இருந்தால் இரண்டும் நடக்காது. மனிதரின் குரல்வளை கீழே இறங்கி, நாக்கின் பின்பகுதி தொண்டைக்குள்ளேயே அமைந்துவிட்டதால்தான் இத்தனை விதமான ஒலிகள் நமக்கு வசப்பட்டன என்றும், அந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலையே இந்த நோய் என்றும் சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். முழுக்க நிரூபிக்க முடியாத வாதம்தான், ஆனாலும் பொருத்தமாகவே படுகிறது. விலங்குகளில் இயல்பாகவே இந்த நோய் வருவதாகப் பதிவாகியிருக்கும் புகழ்பெற்ற உதாரணம் இங்கிலீஷ் புல்டாக் நாய். 1987இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் அதைப் பதிவு செய்தார்கள். அந்த நாய் பேசுவதில்லை. முகம் நசுங்கியிருக்கும்படி மனிதர் பல தலைமுறையாக அதைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததுதான் அதற்கு நோய் வரக் காரணம்.

விழித்திருக்கும்போது நமக்கு எந்தத் தொல்லையும் இல்லை. நாக்கை முன்னே இழுத்துப் பிடிக்கும் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கணம் முன்பாகவே இறுகிக்கொள்கிறது. தூங்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. கனவு காணும் உறக்கத்தில் உடல் தசைகளே கிட்டத்தட்ட ஓய்ந்துவிடுவதால், பிடி இன்னும் தளரும். மல்லாந்து படுத்திருந்தால் நாக்கின் எடை பின்னால் சரிகிறது. வழி குறுகினால் காற்று சவ்வுகளை அதிரவைத்துக்கொண்டு போகிறது, குறட்டை. வழி முழுக்க மூடினால் சத்தமே இல்லை. குறட்டை விட்டுத் தூங்குபவரைப் பார்த்து ‘நல்ல தூக்கம்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. பயப்படவேண்டியது குறட்டையைக் காட்டிலும் அதன் நடுவே விழும் மௌனத்துக்குத்தான்.

அந்த மௌனத்தின்போது நெஞ்சும் வயிறும் மூச்சிழுக்கப் போராடிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் வராது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, கரியமில வாயு ஏறுகிறது. சில நொடிகளில் மூளை ஆபத்தை உணர்ந்து ஆளை உறக்கத்தின் மேல்மட்டத்துக்கு இழுக்கிறது. தசைகள் விறைக்கின்றன, வழி திறக்கிறது, ஒரு கனைப்போடு மூச்சு வருகிறது. இதயம் படபடக்க, ரத்த அழுத்தம் எகிறி இறங்குகிறது. தூங்குபவருக்கு இதில் எதுவும் காலையில் நினைவிருக்காது. குறைந்தது பத்து நொடி மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கெடுக்கிறார்கள். மூச்சு பெருமளவு மெலிந்துபோகும் தருணங்களும் இந்தக் கணக்கில் சேரும். மணிக்கு ஐந்துக்கு மேல் போனால் லேசான நோய், 15க்கு மேல் மிதம், 30க்கு மேல் கடுமை. கடுமை என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, இரவு முழுக்க.

இதன் விளைவுகளில் என்னை அதிகம் வியக்கவைப்பது இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது. மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு மூச்சிழுக்கும்போது மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் தாழ்கிறது, இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. விரிந்த அறைகள், உடம்பில் திரவம் அதிகமாகிவிட்டது என்று தப்பாகக் கணக்குப்போட்டு, சிறுநீரைப் பெருக்கும் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. ஆகவே, சர்க்கரையோ புராஸ்டேட்டோ என்று பரிசோதித்துக்கொண்டிருக்கும் சிலருக்கு உண்மையான கோளாறு தொண்டையில் இருக்கும். அதைச் சரிசெய்ததும் கழிவறை நடையும் குறைந்துவிடும்.

மருத்துவமே இந்த நோயைக் கண்டுபிடிக்கத் தாமதித்தது. 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் மிகப் பருமனான, எப்போதும் தூங்கி வழியும் ஒரு நோயாளியை விவரித்து, சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் வரும் தூங்குமூஞ்சிப் பையனை நினைத்து அந்த நிலைக்குப் பெயரிட்டார்கள். பருமனைப் பார்த்தார்கள், தொண்டையைப் பார்க்கவில்லை. 1965இல் பிரான்சிலும் ஜெர்மனியிலும் தனித்தனிக் குழுக்கள் அத்தகையவர்களை இரவு முழுக்கப் பதிவுக்கருவிகளோடு தூங்கவைத்தபோதுதான் மூச்சு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. எழுபதுகளில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்தியான் கில்லெமினோ, பருமனே இல்லாதவர்களுக்கும் இது வருகிறது என்பதை நிறுவி, ஸ்லீப் அப்னியா என்ற பெயரையும் நிலைநாட்டினார். இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. கிட்டத்தட்ட 10 கோடிப் பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது. நம்மைப் போன்ற ஆசிய மக்களில் பலருக்குத் தாடை சற்றுச் சிறியதாகவோ பின்தள்ளியோ இருப்பதால், தொப்பை பெரிதாக இல்லாமலே இந்த நோய் வரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை இல்லை என்றில்லை. 1981இலேயே, சல்லிவன் கட்டுரை வந்த அதே ஆண்டில், மெல்லண்ணத்தையும் உள்நாக்கையும் வெட்டிச் சிறிதாக்கும் முறையை அமெரிக்காவில் வாழ்ந்த மருத்துவர் ஃபுஜிதா அறிமுகப்படுத்தினார். சிலருக்கு அது உதவுகிறது. டான்சில் பெருத்தவர்களுக்கு அதை எடுப்பதும் உதவும். ஆனால் தொண்டை ஒரே இடத்தில் அடைப்பதில்லை. மேலே வெட்டிச் சரிசெய்தால் கீழே நாக்கின் அடியில் அடைக்கும். கத்தி ஓர் இடத்தைத்தான் தொடும். காற்று அந்த நீளம் முழுவதையும் ஒரே நேரத்தில் தாங்குகிறது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக்கொடுப்பது போன்ற வேலை அது: மரத்தைத் திருத்துவதில்லை, சாயாமல் பார்த்துக்கொள்கிறது, எடுத்துவிட்டால் சாய்ந்துவிடும். சிபாப் நோயைக் குணப்படுத்துவதில்லை என்று குறைசொல்பவர்களுக்கு இதுவே பதில். மூக்குக்கண்ணாடியும் பார்வையைக் குணப்படுத்துவதில்லை. போட்டிருக்கும்வரை எழுத்து தெரிகிறது.

ஆரம்ப நாட்களில் அப்படி முட்டுக்கொடுப்பது பெரும்பாடு. ஒவ்வொருவரின் மூக்குக்கும் பிளாஸ்டர் அச்செடுத்து, கண்ணாடி இழையில் முகமூடி செய்து, படுக்கும்போது சிலிக்கோன் பசையால் முகத்தோடு ஒட்டிக்கொள்ளவேண்டும். காற்றைத் தள்ள வேக்குவம் கிளீனர் மோட்டார். சத்தம் காதைத் துளைக்கும். அப்படியும் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டு தூங்கியவர்கள் இருந்தார்கள் என்றால், தூக்கமின்மை அவர்களை எவ்வளவு வதைத்திருக்கும் என்று யூகிக்கலாம். 1989இல் சிட்னியில் தொடங்கிய நிறுவனம்தான் பின்னர் ரெஸ்மெட் ஆனது. இன்று மென்மையான சிலிக்கோன் மாஸ்க், காதில் கேட்காத மோட்டார், தடையைத் தானே உணர்ந்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கணிப்பொறி, காற்றை ஈரப்படுத்தும் சிறு தொட்டி எல்லாம் வந்துவிட்டன.

ஆனால் முகத்தில் ஒன்றைக் கட்டிக்கொண்டு தூங்கவேண்டும் என்பது மாறவில்லை. இதுதான் இந்தச் சிகிச்சையின் ஆகப் பெரிய பலவீனம். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஏழு நாடுகளில் நடந்த ‘சேவ்’ ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. இந்தியாவும் அந்த ஏழில் ஒன்று. சிபாப் அவர்களுக்கு மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை. செய்தித்தாள்கள் அத்தோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் ஆய்வில் பங்கேற்றவர்கள் சராசரியாக ஓர் இரவில் கருவியைப் போட்டுக்கொண்டது 3.3 மணி நேரம். அதாவது பாதி இரவுக்கும் குறைவு. அந்தக் கொஞ்ச நேரத்திலேயே பகல்தூக்கம் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது. முழு இரவும் போட்டிருந்தால் இதயமும் காப்பாற்றப்பட்டிருக்குமா என்பது அந்த ஆய்வு பதில் சொல்லாத கேள்வி. ஆகவே, மாஸ்க் பொருந்தவில்லை, வாய் உலர்கிறது, மூக்கு அடைக்கிறது என்று முதல் வாரத்திலேயே இயந்திரத்தை அலமாரிக்கு அனுப்புவதற்கு முன், வேறு அளவு மாஸ்க்கையும் ஈரப்பதத்தையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. இந்த நோயின் சிகிச்சையில் பாதி, பொருந்தும் ரப்பர் விளிம்பைத் தேடுவதுதான்.

மாஸ்க் ஒத்துவராதவர்களுக்குப் பல்மருத்துவர் வழி ஒன்று இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர்களும் முதலுதவி செய்பவர்களும் நினைவிழந்தவரின் கீழ்த்தாடையை இரண்டு கைவிரல்களால் முன்னே தள்ளிப் பிடிப்பதைப் பார்த்திருக்கலாம். நாக்கு தாடையோடு ஒட்டியிருப்பதால், தாடை முன்னே வந்தால் நாக்கும் கூடவே வந்து தொண்டை திறக்கும். அதே தள்ளலைச் சில மில்லிமீட்டர் அளவில் இரவு முழுக்கத் தரும் கருவி, மேல்வரிசைப் பற்களிலும் கீழ்வரிசையிலும் மாட்டிக்கொள்ளும் இரண்டு அச்சுகள். பல்மருத்துவர் அளவெடுத்துச் செய்து, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல முன்னே நகர்த்துவார். தடைகளைக் குறைப்பதில் சிபாப்புக்கு அடுத்த இடம்தான் இதற்கு. ஆனால் எளிது என்பதால் ஆட்கள் இதை இரவு முழுக்கப் போட்டுக்கொள்கிறார்கள்; கூட்டிக்கழித்துப் பார்த்தால் லேசான, மிதமான நோய்க்கு இரண்டும் அருகருகே வந்து நிற்கின்றன. போதிய பற்கள் வேண்டும். காலப்போக்கில் கடி கொஞ்சம் மாறலாம்.

சிலருக்கு மல்லாந்து படுத்தால் மட்டும்தான் தடை. அவர்களை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் பாதி வேலை முடிந்தது. பனியனின் முதுகில் ஒரு டென்னிஸ் பந்தைத் தைத்துவிடுவது எண்பதுகளிலிருந்து மருத்துவ இதழ்களில் பேசப்படும் வைத்தியம். புரண்டதும் பந்து குத்தும், திரும்பிப் படுப்பார்கள். பலர் சில மாதங்களில் பந்தைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள் என்பதும் அதே இதழ்களில் இருக்கிறது. இப்போது கழுத்திலோ நெஞ்சிலோ கட்டிக்கொண்டால் மெல்ல அதிர்ந்து திரும்பவைக்கும் கருவிகள் வந்துவிட்டன.

எடையைக் குறையுங்கள் என்பது எல்லா மருத்துவர்களும் சொல்வது. எடை எப்படித் தொண்டையை அடைக்கிறது? கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து நெரிக்கிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள். பென்சில்வேனியாவின் ரிச்சர்ட் ஷ்வாப் குழு எம்ஆர்ஐ எடுத்து நாக்கைப் பார்த்தது. நாக்குக்குள்ளே கொழுப்பு! அதுவும் பின்பக்கம், தொண்டையை ஒட்டிய பகுதியில் கூடுதலாக. 2020இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பருமனான 67 நோயாளிகள் உணவுக் கட்டுப்பாட்டாலோ எடைகுறைப்பு அறுவை சிகிச்சையாலோ சராசரியாகப் பத்து சதவீதம் எடையைக் குறைத்தார்கள். தடைகளின் எண்ணிக்கை 31 சதவீதம் குறைந்தது. எடைகுறைப்பில் எது இந்த நன்மையைத் தந்தது என்று பிரித்துப் பார்த்தபோது, நாக்கின் கொழுப்பு கரைந்ததுதான் முதன்மைக் காரணமாக நின்றது. நாக்கு மெலிகிறதா என்று கண்ணாடி முன் நின்று பார்த்து யாரும் உணவைக் குறைத்ததில்லை. ஆனால் மெலிகிறது.

2024இல் இந்தக் கதை வேகமெடுத்தது. சர்க்கரை நோய்க்கென வந்து எடைகுறைப்புக்குப் புகழ்பெற்ற டிர்செபடைடு என்ற வாராந்திர ஊசியை, மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ள பருமனானவர்களுக்கு ஒரு வருடம் போட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் மணிக்கு ஐம்பது வாக்கில் தடைகள். சிபாப் பயன்படுத்தாதவர்களுக்கு அதில் சராசரியாக 25 குறைந்தது. போலி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஐந்து மட்டும். அந்த டிசம்பரிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பருமனோடு வரும் மூச்சுத்தடைக்கு முதல் மருந்தாக இதை அனுமதித்தது. கவனிக்கவேண்டியது, தடைகள் 25 குறைந்த பிறகும் சராசரியாக இன்னொரு 25 மிச்சம் இருந்தது என்பதையும்தான். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும். மெலிந்த உடம்புக்காரருக்கு இது பொருந்தாது.

இனி, இந்தத் துறையின் மிக விநோதமான பக்கம். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கறையான் அரித்துக் குடைந்த யூகலிப்டஸ் கிளையில் ஊதும் டிஜெரிடூ என்ற நீண்ட வாத்தியம் ஒன்றுண்டு. மூக்கால் மூச்சை உள்ளிழுத்துக்கொண்டே, கன்னத்தில் அடக்கிய காற்றை வாயால் தள்ளி, ஒலி அறுபடாமல் ஊதவேண்டும். சுவிட்சர்லாந்தில் அதைக் கற்றுத்தந்த ஆசிரியர் அலெக்ஸ் சுவாரெஸ், ஊதுகிறவர்களுக்குக் குறட்டையும் பகல்தூக்கமும் குறைவதைக் கவனித்தார். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சிரித்து ஒதுக்காமல் முறையாகச் சோதித்தார்கள். மிதமான தடை உள்ள 25 பேர். ஒரு பிரிவினர் நான்கு மாதம், வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு நாள், தினமும் சுமார் 25 நிமிடம் ஊதினார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஊதியவர்களுக்கு மற்றவர்களைவிட மணிக்கு ஆறு தடைகள் குறைந்தன, பகல்தூக்கம் குறைந்தது, பக்கத்தில் படுத்தவர்களும் நிம்மதியாகத் தூங்கினார்கள். 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த இந்த ஆய்வுக்கு 2017இல் சிரிப்பும் சிந்தனையும் தரும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. அதுவும் அமைதிக்கான பரிசு. அடுத்த அறையில் நான்கு மாதம் டிஜெரிடூ கேட்டவர்களையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சீவாளி வைத்து ஊதும் நாதஸ்வரம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்கமுடியவில்லை. அது இரட்டை நாணல் வாத்தியம். இரட்டை நாணல் வாத்தியம் ஊதும் மேற்கத்தியக் கலைஞர்களிடம் இந்த நோய்க்கான அபாயம் குறைவாகத் தெரிவதாக ஓர் ஆய்வும் உண்டு. நம் வித்வான்களை வைத்து யாராவது செய்து பார்க்கலாம், செலவும் அதிகம் ஆகாது.

வாத்தியத்தை எடுத்துவிட்டு, பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் பிரேசில் நாட்டினர். சாவ் பாவ்லோ நகரில் பேச்சுப்பயிற்சியாளர் காத்தியா கிமராயிஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வில் மிதமான நோயுள்ள 31 பேர். பாதிப்பேர் மூன்று மாதம், தினமும் அரைமணி நேரம், நாக்கை அண்ணத்தில் ஒட்டி உறிஞ்சுவது, நாக்கின் நுனியை அண்ணத்தில் வைத்துப் பின்னோக்கி இழுப்பது, உயிர் ஒலிகளை விட்டுவிட்டு உச்சரிப்பது, கன்னத்தை விரலுக்கு எதிராக உள்ளிழுப்பது என்று பயிற்சி செய்தார்கள். அவர்களின் சராசரித் தடைகள் 22.4இலிருந்து 13.7ஆக இறங்கின, எடை மாறவில்லை, கழுத்தின் சுற்றளவு மட்டும் குறைந்தது. மீதிப்பேருக்கு ஆழ்ந்து மூச்சுவிடும் பயிற்சி மட்டும் தரப்பட்டது. அவர்களுக்குப் பலன் இல்லை. ‘மூச்சுப்பயிற்சி செய்தால் எல்லாம் சரியாகும்’ என்று வாட்ஸ்ஆப்பில் வலம்வரும் வீடியோக்களுக்கு இந்தக் கடைசிச் செய்தியை அனுப்பிவைக்கலாம். தொண்டையில் வேலை செய்வது மூச்சு அல்ல, நாக்கும் அண்ணமும் செய்யும் உடற்பயிற்சி. கடுமையான நோய்க்கு இது மட்டும் போதாது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

தொண்டையை விட்டு இவ்வளவு தூரம் போகமுடியுமா என்று திகைக்கவைக்கும் இன்னொரு வழி, கால். பகல் முழுக்க நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்கையில் உடம்பின் திரவம் கால்களில் தேங்குகிறது. படுத்ததும் அது மேல்நோக்கி நகர்கிறது, அதில் கொஞ்சம் கழுத்துக்கும் வந்து சேர்கிறது. கழுத்தின் திசுக்கள் ஊறிப் பருத்தால் தொண்டை வழி நெருக்கப்படும். டொராண்டோவின் டக்ளஸ் பிராட்லி குழு இதைப் பல ஆண்டுகள் துருவியது. ஸ்டெஃபானியா ரெடோல்ஃபி முன்னின்று நடத்திய 2011 ஆய்வில், கால் சிரைகள் பழுதடைந்த நோயாளிகள் ஒரு வாரம் பகலில் மட்டும் இறுக்கமான காலுறை அணிந்தார்கள். இரவில் அவர்களின் தடைகள் 48இலிருந்து 31ஆகக் குறைந்தன. தூங்கும்போது அவர்கள் காலில் எதுவும் இல்லை! பகலில் காலில் தேங்காத திரவம் இரவில் கழுத்துக்கு ஏறவில்லை, அவ்வளவுதான். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் இதே விஷயம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது. வழக்கமான டயாலிசிஸிலிருந்து இரவுதோறும் வீட்டில் செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கு மாறியவர்களிடம் மணிக்கு 25 ஆக இருந்த தடைகள் எட்டாகக் குறைந்ததை 2001இல் டொராண்டோ மருத்துவர்களே பதிவு செய்தார்கள். அங்கே கூடுதல் திரவத்தோடு ரத்தத்தின் வேதியியலும் மாறுவது ஒரு காரணம்.

மதுவையும் தூக்க மாத்திரையையும் பற்றி ஒரே வரி போதும்: மதுவும் சில வகைத் தூக்க மாத்திரைகளும் நாக்குத் தசையின் பிடியைத் தளர்த்தும், விழித்துக்கொள்ளவேண்டிய நேரத்தில் விழிப்பைத் தள்ளிப்போடும்.

இத்தனை வழிகள் இருப்பது குழப்பம் இல்லை. இரவுத் தூக்கத்தைப் பதிவுசெய்யும் ஸ்லீப் ஸ்டடியின் அறிக்கையில் மணிக்கு முப்பது தடைகள் என்று ஒரே எண்ணைக் காட்டும் இருவருக்கு நோயின் காரணம் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவின் டேனி எக்கர்ட் முதலிய ஆய்வாளர்கள் அதை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவருக்குத் தொண்டையே குறுகல். இன்னொருவருக்கு வழி ஓரளவு அகலம்தான், ஆனால் தூக்கத்தில் நாக்குத் தசை எழுந்து வேலை செய்வதில்லை. மூன்றாமவருக்கு மூளை சிறு தொந்தரவுக்கே திடுக்கிட்டு விழித்துவிடுவதால், தசை சுதாரித்துக்கொள்ள அவகாசமே கிடைப்பதில்லை. நான்காமவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்தும் பொறிமுறை அளவுக்குமீறித் துலங்குகிறது. கரியமில வாயு கொஞ்சம் ஏறினால் வேகவேகமாக மூச்சுவிட்டு, அது தாழ்ந்ததும் மூச்சுவிடும் உந்துதலே போய்விடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு இவற்றில் இரண்டு மூன்று கலந்திருக்கும். முதலாமவருக்குத் தாடைக் கருவியோ எடைகுறைப்போ நன்றாக வேலை செய்யும், இரண்டாமவருக்கு நாக்குப் பயிற்சி. சிபாப் எல்லோருக்கும் ஓரளவு பொதுவாக வேலை செய்வதற்குக் காரணம், அது காரணத்தைக் கேட்பதே இல்லை.

இரண்டாம் வகைக்கு மருந்து தேடியவர்கள் போன வழி சுவாரசியமானது. நாக்குத் தசையின் பிடி தூக்கத்தில் தளர்வதற்கு மூளைத்தண்டின் இரண்டு வேதிப்பொருட்கள் காரணம்: ஒன்று குறைகிறது, மற்றொன்று தசையை அடக்குகிறது. குறைவதைக் கூட்ட, கவனக்குறைவு நோய்க்குத் தரப்படும் ஆட்டோமாக்சடின். அடக்குவதைத் தடுக்க, சிறுநீர்ப்பை அவசரத்துக்குத் தரப்படும் ஆக்சிபியூட்டினின். இரண்டும் பழைய மாத்திரைகள், இரண்டுக்கும் தொண்டையோடு எந்த உறவும் கிடையாது. 2019இல் பாஸ்டனில் லூயிஜி தரான்டோ-மொன்டெமூரோ குழு 20 பேருக்கு ஓர் இரவு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தது. தடைகளின் இடைநிலை எண்ணிக்கை 28.5இலிருந்து 7.5ஆகச் சரிந்தது. ஒன்றை மட்டும் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. இந்த ஜோடியின் மேம்பட்ட வடிவங்கள் பின்னர் பெரிய ஆய்வுகளுக்குப் போயின. வாய் உலர்வதும் இதயத்துடிப்பு கொஞ்சம் கூடுவதும் அதற்குக் கொடுக்கவேண்டிய விலை. மருந்துக்கடையில் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துப் போட்டுப் பார்க்கிற யோசனை யாருக்காவது வந்தால், அந்த இருபது பேரும் ஆய்வுக்கூடத்தில், இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் நொடிக்குநொடி ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, தூங்கினவர்கள் என்பது நினைவிருக்கட்டும்.